ஆசையும் கணக்கும்: 'டபிள் இன்டெம்னிற்றி' திரைப்படமும் அதன் காலமும்

குற்றமும் காமமும் கலைக்குப் புதிய பொருள்கள் அல்ல. பண்டைக் கிரேக்க நாடகங்கள் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய நாவல்கள் வரை, மணவாழ்வுக்குப் புறம்பான உறவும் அதன்வழி விளைந்த கொலையும் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டு வந்துள்ளன. ஆயினும், 1944ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே திரையிடப்பட்ட 'டபிள் இன்டெம்னிற்றி' என்னும் திரைப்படம் அப்பழைய பொருளைக் கையாண்ட முறை தனித்து ஆராயத்தக்கது. 'இரட்டை இழப்பீடு' எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட இப்படத்தை நெறியாள்கை செய்தவர் பில்லி வைல்டர். இதிலே மர்மம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. கொன்றவன் யார், கொல்லப்பட்டவன் யார், பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொலை செய்தவனுக்கு ஈற்றில் அவ்விரண்டுமே கிட்டவில்லை என்பன யாவும் படம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் அவன் வாயினாலேயே கூறப்பட்டுவிடுகின்றன. முடிவை முன்னரே அறிவித்துவிட்ட ஒரு படம் எண்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் பார்வையாளரை ஈர்ப்பது எதனால்? இவ்வினாவுக்கு வரலாற்று நோக்கில் விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கதையைச் சுருக்கமாக நோக்குவோம். வோல்ற்றர் நெஃப் என்பவன் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள ஒரு காப்புறுதிக் கம்பனியின் விற்பனையாளன். மோட்டார் வண்டிக் காப்புறுதியைப் புதுப்பிக்கும் பொருட்டு டீற்றிக்சன் என்பாரது இல்லத்துக்குச் செல்லும் அவன், அங்கே அவருடைய இரண்டாம் மனைவி பிலிசைச் சந்திக்கின்றான். கணவன் அறியாதவாறு அவர்மீது விபத்துக் காப்புறுதி ஒன்றை எடுக்க முடியுமா என அவள் வினவுகின்றாள். வினாவின் உட்பொருளை உடனே உணர்ந்துகொண்ட நெஃப், முதலிற் சினந்து வெளியேறுகின்றான், பின்னர் இணங்குகின்றான். இணங்குவதோடமையாது, திட்டம் முழுவதையும் தானே வகுக்கின்றான். புகையிரத விபத்தில் இறப்பவருக்கு இருமடங்கு இழப்பீடு வழங்கப்படும் என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்தி, ஐம்பதாயிரம் டொலரை ஒரு லட்சமாக்க விழைகின்றான். கணவனைக் கொன்று, அவனைப்போல ஊன்றுகோலுடன் புகையிரதம் ஏறி, இடையிலே குதித்து, சடலத்தைத் தண்டவாளத்தில் இடுகின்றான். எல்லாம் திட்டப்படியே நிறைவேறுகின்றன. ஆனால், அதே கம்பனியில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பார்ட்டன் கீய்ஸ் என்னும் முதிய அலுவலர் ஐயுறத் தொடங்குகின்றார். கூட்டாளிகள் இருவரும் ஒருவரையொருவர் நம்பாதவராகி, இறுதியில் ஒருவரையொருவர் சுடுகின்றனர். காயமுற்ற நெஃப் நள்ளிரவில் அலுவலகத்துக்கு வந்து, கடிதங்களைச் சொல்லிப் பதியும் 'டிக்ரபோன்' கருவியிலே கீய்சுக்குத் தன் வாக்குமூலத்தைப் பதிவு செய்கின்றான். அவ்வாக்குமூலமே படமாக விரிகின்றது.

இக்கதை முழுவதும் கற்பனையன்று. 1927ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் அல்பேட் சினைடர் என்னும் பத்திரிகைக் கலை ஆசிரியர் தமது வீட்டிலே கொலையுண்டார். கொன்றவர்கள் அவருடைய மனைவி ரூத் சினைடரும், அவளது காதலனாகிய ஜட் கிறே என்னும் உள்ளாடை விற்பனையாளனும் ஆவர். கொலைக்கு முன்னர் கணவன் அறியாமலே அவர்மீது ஆயுட் காப்புறுதி எடுக்கப்பட்டிருந்தது. வன்முறையால் மரணம் நேரின் இருமடங்கு வழங்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. திருடர் வந்து கொன்றனர் எனக் காட்டுவதற்குச் செய்யப்பட்ட ஒழுங்குகள் பொலிசாரை அதிக நேரம் ஏமாற்றவில்லை. கைதானதும் இருவரும் ஒருவர்மீது ஒருவர் பழியைச் சுமத்தினர். 1928 ஜனவரி 12ஆந் திகதி சிங் சிங் சிறையிலே இருவரும் மின்சார நாற்காலியில் மரணதண்டனைக்கு உள்ளாயினர். தண்டனையைப் பார்வையிடச் சென்ற தொம் ஹோவாட் என்னும் படப்பிடிப்பாளர் தமது கணுக்காலிலே சிறு கமெரா ஒன்றைக் கட்டி மறைத்துச் சென்று, அப்பெண் இறக்குங் கணத்தைப் படம்பிடித்தார். மறுநாள் 'டெய்லி நியூஸ்' பத்திரிகையின் முதற்பக்கம் முழுவதையும் அப்படமே நிரப்பியது. ஒரு பெண்ணின் குற்றமும் அவளது காமமும் அவளது மரணமும் விற்பனைப் பண்டங்களாயின. இந்நிகழ்ச்சியை நாம் பின்னரும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

இவ்வழக்கு நடைபெற்ற காலத்தில் நியூயோர்க்கில் 'வேர்ல்ட்' பத்திரிகையின் ஆசிரிய தலையங்கப் பகுதியிலே பணியாற்றியவர் ஜேம்ஸ் எம். கெயின். 1892இல் பிறந்த இவர், இளமையிற் சிறிது காலம் காப்புறுதி விற்பனையிலும் ஈடுபட்டிருந்தவர். 1930களின் தொடக்கத்திற் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த கெயின், 1934இல் வெளியிட்ட தமது முதல் நாவலின் மூலம் பெரும் புகழ் பெற்றார். 'டபிள் இன்டெம்னிற்றி' 1936இல் 'லிபேட்டி' என்னும் வார இதழிலே தொடராக வெளிவந்தது; 1943இலேயே நூலுருப் பெற்றது. கெயின் அவ்வழக்கின் கருவை நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சல்சுக்கு இடம்பெயர்த்தமை தற்செயலான மாற்றமன்று. 1920இல் ஏறத்தாழ 5,77,000 மக்களைக் கொண்டிருந்த அந்நகர், 1930இல் 12 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் மாநகராக வளர்ந்தது. பல மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியோரின் நகர் அது. சுற்றமும் ஊரும் தரக்கூடிய பாதுகாப்பு இல்லாதவிடத்து, பாதுகாப்பு என்பது பத்திரத்திற் கையொப்பமிட்டு மாதந்தோறும் கட்டுப்பணஞ் செலுத்திப் பெறும் ஒரு சரக்காகிவிடுகின்றது. 1929இன் பொருளாதார வீழ்ச்சியின் பின்னர், 1933 அளவில் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலையற்றிருந்தனர். அத்தகைய காலத்திலே வீடுவீடாகச் சென்று பாதுகாப்பை விற்ற ஒரு மனிதனையே கெயின் கொலைகாரனாக்கினார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

கதை 1935 அளவிலேயே ஹொலிவூட் நிறுவனங்களின் கவனத்தை ஈர்த்தது. எனினும், படமாவதற்கு எட்டு ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது. 1930இல் வகுக்கப்பெற்று 1934 முதல் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்ட திரைப்பட ஒழுக்க விதிக்கோவையே இதற்குக் காரணம். அதை நிருவகித்த ஜோசப் பிறீன், இக்கதையின் நாயகரும் நாயகியும் கொலைகாரராக இருத்தல், அவர்களது முறைகேடான உறவு, கொலையின் திட்டமிடலை நுணுக்கமாக விவரித்தல் ஆகியவற்றைச் சுட்டி, இது திரைக்கு ஒவ்வாதது எனத் தெரிவித்தார். ஆவல் கொண்டிருந்த நிறுவனங்கள் யாவும் பின்வாங்கின. 1943இல் பாரமவுண்ட் நிறுவனம் 15,000 டொலருக்கு உரிமையை வாங்கியபோதும் முதலில் அதே மறுப்பே வந்தது. ஆயினும், திரைக்கதையின் முன்வரைவு சமர்ப்பிக்கப்பட்டதும் சிறிய திருத்தங்களுடன் அனுமதி கிடைத்தது. எட்டாண்டுகள் மறுக்கப்பட்ட ஒன்று அனுமதிக்கப்பட்டமை, விதியின் எழுத்து மாறாதிருக்கையிலே அதன் பயில்முறை மாறியமையைக் காட்டுகின்றது.

திரைக்கதை உருவான விதமும் சுவையானது. வைல்டரின் வழமையான கூட்டாளியாகிய சாள்ஸ் பிறக்கெற் இக்கதையை விரும்பாது விலகிக்கொண்டார். அவரிடத்துக்கு வந்தவர் துப்பறியும் நாவலாசிரியர் றேமன்ட் சான்ட்லர். சிக்காகோவிற் பிறந்து இங்கிலாந்திற் கல்வி பயின்று, எண்ணெய்க் கம்பனியிற் பதவி வகித்து, அதை இழந்தபின் எழுத்துக்கு வந்தவர் அவர். அதற்கு முன்னர் அவர் திரைக்கதை எழுதியதில்லை. வைல்டரோ, 1906இல் அன்றைய ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிலே யூதக் குடும்பத்திற் பிறந்து, வியன்னாவிலும் பெர்லினிலும் பத்திரிகையாளராகவும் திரைக்கதை எழுத்தாளராகவும் பணியாற்றி, 1933இல் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் ஜேர்மனியை விட்டு வெளியேறியவர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. எனினும், அவ்விணக்கமின்மையிலிருந்து சிறந்த திரைக்கதையொன்று பிறந்தது. கெயினின் உரையாடல்கள் வாசிப்பதற்கு ஏற்றனவேயன்றிப் பேசுவதற்கு ஏற்றன அல்ல எனக் கண்ட சான்ட்லர் அவற்றைப் புதிதாக எழுதுமாறு வற்புறுத்தினார். மூலக்கதையில் இல்லாத டிக்ரபோன் வாக்குமூலம் என்னும் உத்தியும் திரைக்கதையிலேயே சேர்ந்தது. மூலக்கதையின் முடிவும் மாற்றப்பட்டது. அங்கே காதலர் இருவரும் கப்பலொன்றிலிருந்து கடலிற் பாயக் காத்திருக்கின்றனர். இங்கே அலுவலக வாயிலிலே குருதி சொரிய விழுந்து கிடக்கும் நெஃபின் சிகரெட்டுக்குக் கீய்ஸ் தீக்குச்சி கிழித்துக் கொடுப்பதோடு கதை முடிகின்றது. நச்சுவாயு அறையிலே நெஃப் மரணதண்டனை பெறுங் காட்சியொன்றும் படமாக்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது.

படம் வெளிவந்த காலத்தில் 'பிலிம் நுவார்' என்ற சொல் அமெரிக்கத் திரையுலகில் வழக்கில் இருக்கவில்லை. 'கரிய படம்' எனப் பொருள்படும் அப்பிரெஞ்சுத் தொடரின் வரலாறு போருடன் தொடர்புடையது. 1940 முதல் 1944 வரை ஜேர்மன் ஆக்கிரமிப்பின் கீழிருந்த பிரான்சிலே அமெரிக்கப் படங்கள் காட்டப்படவில்லை. 1946இல் அவை ஒருங்கே பரிஸ் நகரை வந்தடைந்தபோது, சில ஆண்டுகளின் படங்களைச் சில வாரங்களிற் பார்த்த விமர்சகர்கள் அவற்றிடையே புதியதொரு தொனியை இனங்கண்டனர். அவ்வாண்டு நினோ பிறாங் என்னும் விமர்சகர் இப்படத்தையும் உள்ளிட்ட சிலவற்றைச் சுட்டி அப்பெயரைக் கையாண்டார். பிரெஞ்சு விமர்சகரான போர்ட், ஷோமெத்தோன் ஆகிய இருவரும் 1955இலே இதுபற்றி முழுநூல் எழுதினர். ஆங்கில விமர்சன உலகில் அத்தொடர் பரவலாக வேரூன்றியது பெரும்பாலும் 1970களிலேயே ஆகும். ஆகவே, இப்படத்தைச் செய்தோர் 'கரிய படம்' ஒன்றை ஆக்குகின்றோம் எனக் கருதிச் செய்தவரல்லர். வகைப்பெயர் பின்னர் வந்தது. அதற்குரிய விளக்கங்களும் பின்னரே வந்தன.

அவ்விளக்கங்களுள் மூன்று இங்கே பரிசீலிக்கத்தக்கன. முதலாவது, புலம்பெயர்ந்த கலைஞர்பற்றியது. ஜேர்மனியின் உணர்ச்சிவெளிப்பாட்டுச் சினிமா மரபிலே பயின்றோர் நாசிசத்துக்கு அஞ்சி ஹொலிவூட்டுக்கு வந்து, இருளும் நிழலும் அச்சமும் நிறைந்த அம்மரபை அமெரிக்கப் படங்களிற் புகுத்தினர் என்பது அதன் சாரம். வைல்டரைப் பொறுத்தவரை இதில் உண்மையுண்டு. ஆனால், இப்படத்தின் ஒளிப்பதிவாளர் ஜோன் எஃப். சைற்ஸ் சிக்காகோவிற் பிறந்த அமெரிக்கர். மௌனப்பட காலத்திலேயே புகழீட்டியவர். யன்னல் மறைப்புத் தட்டிகளினூடாக வரும் வெயில் சிறைக்கம்பிகள்போல நெஃபின் உடலிலே கோடிடுவதையும், பழைய வீட்டின் காற்றிலே தூசி மிதப்பதையும் காட்டியவர் அவரே. தூசி தெரியும் பொருட்டு அலுமினியத் துகள்களைக் காற்றிலே தூவினர் என்பர். கதை தந்த கெயினும் அமெரிக்கர். அவருக்குக் கதையின் வித்தைத் தந்ததும் நியூயோர்க்கின் ஒரு வீடு. எனவே, இருள் முழுவதும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது எனல் பொருந்தாது.

இரண்டாவது விளக்கம் போர்பற்றியது. ஆடவர் போர்முனைக்குச் சென்றபோது பெண்கள் தொழிலகங்களிற் புகுந்தனர். திரும்பிவந்த ஆடவரின் அச்சமே இத்தகைய படங்களில் ஆண்களை அழிக்கும் பெண்களாக உருவெடுத்தது என்பர். இக்கருத்து போருக்குப் பிந்திய சில படங்களுக்குப் பொருந்தலாம். ஆனால், இப்படம் 1943ஆம் ஆண்டின் இறுதி மாதங்களிலே படமாக்கப்பட்டது. அப்போது போர் முடியவில்லை, படையினர் திரும்பவுமில்லை. கதையோ 1936இற்கு உரியது. அதன் கரு 1927இற்கு உரியது. படத்தினுள்ளே நெஃப் தன் வாக்குமூலத்துக்கு இடுந் திகதியும் 1938 ஜூலை 16 ஆகும். விளைவை விளக்கக் கூறப்படும் காரணம் விளைவுக்குப் பின்னர் நிகழ்ந்ததாயின், அதனை வரலாற்றுக் காரணமாகக் கொள்ளுதல் இயலாது. போர் இப்படத்தைப் பாதிக்கவில்லை என்பது இதன் கருத்தன்று. 1942இல் அரங்கமைப்புக்கான புதிய பொருள்களின் செலவுக்கு அரசு விதித்த உச்சவரம்பு போன்ற கட்டுப்பாடுகள், சிறிய அறைகளையும் செறிந்த நிழல்களையும் விரும்பும் ஒரு பாணிக்கு இசைவாக அமைந்தன. ஆயினும், அவை பாணிக்குத் துணைநின்றனவேயன்றிப் பொருளைப் படைக்கவில்லை.

மூன்றாவது விளக்கம் தணிக்கைபற்றியது. வெளிப்படையாகக் காட்டத் தடையிருந்தமையாற் குறிப்பாற் காட்டும் கலை வளர்ந்தது என்பது அது. இதனை நாம் பெருமளவுக்கு ஏற்கலாம். நெஃபும் பிலிசும் முதன்முறை சந்திக்கையில் மாடிப்படியில் இறங்கிவரும் அவளது காற்சங்கிலியே அவன் கண்ணிற் படுகின்றது. அடுத்து அவர்கள் நிகழ்த்தும் காதற்பேச்சு, வண்டியின் வேகவரம்பு பற்றியும் அதை மீறியவனைப் பிடிக்கும் பொலிஸ்காரன் பற்றியுமான பேச்சாகவே அமைகின்றது. கொலை நிகழும் கணத்திலே கமெரா கொலையைக் காட்டாது, வண்டியைச் செலுத்தும் பிலிசின் முகத்தையே காட்டுகின்றது. அம்முகத்திலே மெல்லப் படரும் நிறைவு, குருதியைக் காட்டுவதினும் கொடியது. 1968இல் அவ்விதிக்கோவை முற்றாகக் கைவிடப்பட்டது. 1981இல் இதே கதைப்போக்கைத் தழுவி லோறன்ஸ் கஸ்டன் நெறியாண்ட 'பொடி ஹீற்' என்னும் படம், முன்னையது மறைத்தவற்றை வெளிப்படையாகக் காட்டியது. அதுவும் திறமையான படமே. ஆயினும், மறைப்பு நீங்கியமையால் ஈர்ப்பு இரட்டிக்கவில்லை. குறிப்பு எவ்வாறு ஈர்க்கின்றது என்பதை இம்மூன்றாம் விளக்கம் கூறுகின்றது. எதனைக் குறிப்பதால் ஈர்க்கின்றது என்பதைக் கூறவில்லை.

அதனைக் காண்பதற்கு நாம் படத்தின் நிழல்களை விட்டு, அதன் அலுவலகத்துக்குள் நுழைதல் வேண்டும். வரிசை வரிசையாக ஒரே வகையான மேசைகள் இடப்பட்ட பெருங்கூடம் அது. இப்படத்திலே ஆசை வாணிகத்தின் மொழியிலேயே பேசுகின்றது. காதலர் சந்திப்பதே ஒரு பத்திரம் காலாவதியானதன் காரணமாகத்தான். கொலை எவ்வாறு நிகழவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வெறுப்போ வஞ்சமோ அன்று. ஒப்பந்தத்தின் ஓர் ஏற்பாடு. புகையிரத விபத்துக்கு இருமடங்கு வழங்கப்படுவது, அத்தகைய மரணம் அரிதாகவே நிகழும் என்ற கணிப்பினாலேயாகும். ஆகவே, அரிதான அம்மரணத்தையே நெஃப் தேர்கின்றான். சூதாட்ட மேசையைப் பல்லாண்டு சுழற்றுபவன் முதலாளியை ஏமாற்றும் வழியை அறிந்திருப்பதுபோலத் தானும் அறிந்திருந்ததாக அவன் கூறுகின்றான். பிலிசைக் காணுமுன்னரே அவ்வெண்ணம் அவன் உள்ளத்தில் இருந்தது. அவள் அவனைக் கெடுத்தாள் என்பது பாதி உண்மையே. அவன் நெடுநாள் கணித்துவைத்திருந்த கணக்குக்கு அவள் ஒரு தருணத்தை வழங்கினாள் என்பதே முழு உண்மை.

கொலைக்குப் பின்னர் இருவரும் சந்திக்கும் இடமும் இங்கு நோக்கத்தக்கது. அது இருண்ட சந்தோ மறைவிடமோ அன்று, பலசரக்குக் கடை. ஒளிமிக்க அக்கடையிலே தகரப் பேணிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க, வாடிக்கையாளர் குறுக்கும் நெடுக்குமாகச் செல்ல, பொருள் தேர்வோர்போல நின்று அவர்கள் ஒருவரையொருவர் அச்சுறுத்துகின்றனர். குற்றம் அன்றாட வாழ்வுக்குப் புறத்தே நிற்பதன்று, அதன் அடுக்குகளுக்கிடையே நிற்பது என்பதை இதனைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

நெஃபைக் கண்டறிவதும் அதே கணக்குத்தான். டீற்றிக்சன் தற்கொலை செய்துகொண்டார் எனக் கம்பனித் தலைவர் வாதிடும்போது, கீய்ஸ் தற்கொலை பற்றிய புள்ளிவிவரங்களை இனம், தொழில், பால், முறை என ஒவ்வொன்றாக ஒப்புவித்து, ஓடும் புகையிரதத்தின் பின்புறத்திலிருந்து குதித்துத் தற்கொலை செய்தோர் எவருமிலர் என நிறுவுகின்றார். பின்னர் அவரே வேறொரு முரணைக் காண்கின்றார். விபத்துக் காப்புறுதி வைத்திருந்த ஒருவர் தம் கால் முறிந்தபோது ஏன் இழப்பீடு கோரவில்லை? காப்புறுதி உண்டென்பதையே அவர் அறிந்திருக்கவில்லை என்பதன்றி இதற்கு வேறு விடையில்லை. கொலைகாரனைக் காட்டிக்கொடுப்பது கைரேகையோ குருதிக்கறையோ அன்று. அனுப்பப்படாத ஒரு கோரிக்கைப் படிவம். ஒரே அலுவலகத்திலே, ஒரே அறிவைக் கொண்டு, ஒருவன் கொல்கின்றான், மற்றவர் கண்டுபிடிக்கின்றார். அவ்வறிவு நன்மையையோ தீமையையோ அறியாதது என்பதே இப்படம் தரும் குளிர்ந்த அதிர்ச்சியாகும்.

பழைய துன்பியல்களோடு ஒப்பிடுகையில் இதன் புதுமை மேலும் துலங்கும். கிரேக்க நாடகத்தில் மாந்தரைத் தொடர்வது தெய்வத்தின் சாபம். நமது காப்பியங்களிலே முன்செய்த வினை ஊழாகி வந்து தொடர்கின்றது. அவ்விரண்டிலும் மனிதனுக்கு மேற்பட்ட ஒரு நியதி உண்டு. அந்நியதிக்கு ஓர் அறமும் உண்டு. இங்கே அவ்விடத்தை நிரப்புவது தண்டவாளம். இருவர் கூடிச் செய்த கொலையைப்பற்றிக் கீய்ஸ் கூறுகையில், அவர்கள் ஒரே வண்டியில் ஏறியவர்கள், இடையில் ஒருவர் மட்டும் இறங்க இயலாது, வண்டி சென்று நிற்கும் இடம் இடுகாடே என்கின்றார். தொடங்கியபின் நிறுத்த முடியாத ஓர் இயந்திரமே இங்கு ஊழாகின்றது. அதனைத் தொடங்கிவைத்தவர்களும் அவர்களேயாவர். முடிவை முன்னரே அறிந்திருந்தும் நாம் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே. என்ன நிகழும் என்பதை அறிய நாம் காத்திருக்கவில்லை. எமக்கும் பழக்கமான அற்பக் கணக்குகளிலிருந்து அது எவ்வாறு படிப்படியாக விளைகின்றது என்பதையே கண்ணெடுக்காது பார்க்கின்றோம். சடலத்தை இட்டபின் அவர்களது வண்டி இயங்க மறுக்கும் காட்சியிலே, அது இயங்கவேண்டும் எனக் கொலைகாரரோடு சேர்ந்து நாமும் விழைகின்றோம். பார்வையாளனின் அறநிலை சோதனைக்குள்ளாகும் இடம் அது.

இவ்விடத்திலே இன்னொரு வினா எழாமற் போகாது. இக்கதையை நமக்குச் சொல்பவன் யார்? டிக்ரபோனின் உருளைகளிலே பதிவாவது நெஃபின் குரல் மட்டுமே. அது ஓர் ஆண், தான் மதிக்கும் இன்னோர் ஆணுக்கு எழுதும் அலுவலகக் குறிப்பு. பிலிசைப்பற்றி நாம் அறிவன யாவும் அவன் சொல்லக் கேட்டனவே. பாபரா ஸ்ரான்விக்கின் நடிப்பு அவ்வெல்லையை அவ்வப்போது மீறுகின்றது. கணவனின் வீட்டிலே தான் அடைபட்டிருப்பதை அவள் கூறும் சில கணங்களில் வேறொரு கதையின் சாயல் தெரிகின்றது. ஆனால், அக்கதையைப் பதிவுசெய்ய உருளை ஏதுமில்லை. ரூத் சினைடரின் வழக்கைக் கருவாகக் கொண்டு சோபி றெட்வெல் என்னும் நாடகாசிரியை எழுதிய 'மஷினல்' என்னும் நாடகம் 1928இலேயே நியூயோர்க்கில் மேடையேறியது. அங்கே கதை பெண்ணின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகின்றது. அலுவலகத்தின் இயந்திர ஓசைகளிலிருந்து மணவாழ்வுக்குள்ளும், மணவாழ்விலிருந்து மின்சார நாற்காலிக்கும் தள்ளப்படும் ஓர் இளம்பெண்ணின் கதையாக அது அமைகின்றது. ஒரே நிகழ்ச்சி இரு கலைப்படைப்புகளிலே இரு வேறு உண்மைகளாகின்றது. கொலை நியாயமானது என எவரும் வாதிடார். ஆயினும், 'ஆணை அழிக்கும் பெண்' என்னும் வார்ப்பு இயற்கையின் உண்மையன்று, சொல்பவனின் இடத்திலிருந்து பிறப்பது என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகின்றது. 1970களின் பிற்பகுதி முதல் பெண்ணிலைவாத விமர்சகர்கள் இவ்வகைப் படங்களை மறுவாசிப்புச் செய்தமைக்கு இதுவே நியாயமாகும்.

கணுக்காற் கமெராவின் படத்தை மீண்டும் நினைவுகூருவோம். சாகும் பெண்ணின் உருவத்தை விற்ற அதே சந்தையிலிருந்தே இத்திரைப்படமும் பிறந்தது. ஆனால், இரண்டுக்கும் வேறுபாடுண்டு. பத்திரிகை வாசகனை வெளியே நிறுத்தி, 'இதோ ஒரு கொடியவள்' எனக் காட்டியது. திரைப்படம் அவனை உள்ளே அழைத்து, அந்தக் கணக்கைத் தானும் போட்டுப் பார்க்குமாறு செய்கின்றது. முன்னையது வெறும் வேடிக்கை. பின்னையது, அதன் குறைபாடுகளுடனும், ஒரு சுயவிசாரணை.

சமகாலத்தார் இதனை முற்றாக உணர்ந்தனர் எனச் சொல்வதற்கில்லை. சிறந்த படம், நெறியாள்கை, நடிகை, திரைக்கதை உட்பட ஏழு பிரிவுகளிலே இப்படம் ஒஸ்கார் விருதுக்கு நியமனம் பெற்றது, ஒன்றேனும் கிடைக்கவில்லை. அவ்வாண்டின் சிறந்த படமாகத் தெரிவானது, கத்தோலிக்கக் குரு ஒருவரின் கனிவைப் பாடும் 'கோயிங் மை வே'. போரின் துயரில் இருந்த மக்கள் ஆறுதலை நாடியதைக் குறைகூற முடியாது. ஆனால், 1992இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலே 'டபிள் இன்டெம்னிற்றி' இடம்பெற்றமை, ஆறுதல் தராத கலைக்கும் நெடிய ஆயுள் உண்டு என்பதை எடுத்துக்காட்டுகின்றது.

தொகுத்து நோக்கின், இப்படத்தின் ஈர்ப்பு அதன் நிழல்களிலோ அதன் நாயகியின் கவர்ச்சியிலோ மட்டும் தங்கியிருக்கவில்லை. புலம்பெயர்ந்தோரின் அனுபவம், போர்க்காலச் சூழல், தணிக்கையின் அழுத்தம் ஆகிய யாவும் அதற்கு வடிவம் தந்தன. பொருளைத் தந்தது, பாதுகாப்பும் உயிரும் விலைபேசப்படும் ஒரு சமூகத்தின் அன்றாட நடைமுறையாகும். காமம் மனிதனைக் கணக்கு மறக்கச் செய்யும் என்பது பழைய கதை. கணக்கே காமத்தின் வடிவெடுத்து வரும் என்பதே இப்படம் சொன்ன புதிய கதை. அக்கணக்கு வழக்கிலிருந்து நீங்காதவரை இப்படமும் பழமையடையாது. அதனைப் பார்க்கும் நாம், வாக்குமூலம் தந்தவனின் குரலை மட்டுமன்றி, வாக்குமூலம் தர வாய்ப்பின்றி மடிந்தவளின் மௌனத்தையும் கேட்கப் பழகுவோமாயின், அக்கலைப்படைப்புக்கு நாம் செய்யக்கூடிய நியாயம் அதுவேயாகும்.